பிட்கொயின் பி2பி: வங்கிக் காசை அனுப்பும்போதும் வாங்கும்போதும் செய்ய வேண்டியவை

திருகோணமலையில் இருந்துகொண்டு பிட்கொயின் வாங்க நினைப்பவருக்கு வழிகள் குறைவு. கார்டைப் போட்டு ஐந்து நிமிடத்தில் வாங்கலாம் என்று யூடியூபில் கனடாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஒருவர் காட்டித் தருவார், அது இங்கே சரிவராது, ஏனென்றால் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த 3ஆம் இலக்கப் பணிப்புரையின்படி டெபிட், கிரெடிட் கார்டுகளைக் கிரிப்டோ கொடுப்பனவுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. மிஞ்சுவது பி2பி, அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்பது. நீங்கள் வங்கி ஆப் வழியாக இன்னொருவரின் கணக்குக்கு ரூபா அனுப்புகிறீர்கள், அவர் உங்களுக்குக் கொயினை விடுகிறார், நடுவில் பினான்ஸ் மாதிரி ஒரு தளம் அந்தக் கொயினைப் பூட்டி வைத்துக்கொண்டு நிற்கிறது. பழைய வழிகாட்டிகள் பலதில் லோக்கல்பிட்கொயின்ஸ் என்று இருக்கும், அந்தப் பின்லாந்துத் தளம் 2023 பெப்ரவரியிலேயே மூடியாயிற்று, அதே பெயரில் இப்போது ஏதாவது லிங்க் வந்தால் தொடவே வேண்டாம்.

சட்ட நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய வங்கி பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப எச்சரித்து வந்திருக்கிறது: கிரிப்டோ இலங்கையில் சட்டபூர்வ நாணயம் இல்லை, நட்டப்பட்டால் முறையிட்டுக் காசைத் திரும்ப எடுத்துத் தர ஒழுங்குமுறை எதுவும் பின்னால் இல்லை. அதனால் வீட்டுச் செலவுக்காசு, சீட்டுக்காசு, கடன் வாங்கிய காசு எதையும் இதற்குள் கொண்டுவராதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். பிட்கொயின் போனால் போனதுதான், யாரிடம் அழுதாலும் திரும்பாது. வங்கிக் காசு அப்படியில்லை, அனுப்பியவர் வங்கியிலோ பொலிஸிலோ முறைப்பாடு கொடுத்தால் அந்தத் தொகையை மட்டுமல்ல, உங்கள் கணக்கு முழுவதையுமே நிறுத்தி வைக்க முடியும். கொயினைக் கொடுப்பவர் திரும்பாத ஒன்றைக் கொடுத்து, திரும்பிப் போகக்கூடிய ஒன்றை வாங்குகிறார். பி2பியில் நடக்கும் ஏமாற்று எல்லாம் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது, அதனால் வாங்குபவரை விட விற்பவர்தான் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

எதன் வழியாகக் காசு அனுப்புவது? என் அபிப்பிராயத்தில் இங்கே உள்ளவருக்கு வங்கி ஆப்பில் உள்ள செஃப்ட்ஸ் மட்டும்தான். 2015இல் வந்தது, வேறு வங்கிக்கும் உடனே போய்ச் சேரும், போயா என்றாலும் ஞாயிறு என்றாலும் வேலை செய்யும், கட்டணமும் சில பத்து ரூபாதான். அதே ஆப்பில் ஸ்லிப்ஸ் என்றும் ஒன்று இருக்கலாம். அது தொகுதி தொகுதியாகப் போகும் முறை, வெள்ளி பின்னேரம் அதை அமத்தினால் திங்கள் வரை காசு வராமல் கிடக்கும், பி2பி ஓடருக்கு உள்ள நேரமோ பெரும்பாலும் 15, 30 நிமிடம்தான். அமத்துவதற்கு முதல் எது தெரிவாகியிருக்கிறது என்று ஒருதடவை பாருங்கள்.

பேபால் வேண்டாம். இலங்கைக் கணக்கில் பேபால் காசு வாங்க வழியில்லை, வெளிநாட்டில் உள்ள உறவினரின் பேபாலுக்குப் போடச் சொல்லி விற்றாலும் வாங்கியவர் 180 நாளுக்குள் காசைத் திரும்பக் கேட்டு டிஸ்பியூட் போடலாம், கொயின் அதற்குள் எங்கேயோ போயிருக்கும். ஸ்க்ரில், வைஸ் போன்ற இணையப் பணப்பரிமாற்றச் சேவைகளைப் பயன்படுத்த நினைத்தால் அவற்றின் விதிகளில் கிரிப்டோ பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முதலில் நீங்களே வாசியுங்கள், விதிக்கு மாறாகப் பயன்படுத்தினால் உள்ளே இருக்கும் காசோடு கணக்கைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் உண்டியல். டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணன் அனுப்பும் காசை "உண்டியல்காரர் ரூபாவாகப் போடுவார், நீங்கள் கொயினை விடுங்கள்" என்று யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அது அனுமதியில்லாத பணமாற்று, அந்த ரூபா யாருடைய கையிலிருந்து கிளம்பியது என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியவராது.

தொடங்குவதற்கு முதல் இதற்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள், உங்கள் சொந்தப் பெயரில். சம்பளம் வரும் கணக்கு, அஸ்வெசும நிவாரணக் காசு வரும் கணக்கு, நிலாவெளியில் அறை வாடகைக்கு விடுபவர் என்றால் விருந்தினர் காசு போடும் கணக்கு, இவற்றில் ஒன்றையும் பி2பிக்குக் கொடுக்காதீர்கள். ஒரு முறைப்பாடு வந்து கணக்கு நின்றால் அன்று வீட்டில் அரிசி வாங்கவும் அந்தக் கணக்குத்தான் என்று இருக்கக்கூடாது. அதேபோல அம்மாவின் கணக்கு, நண்பனின் கணக்கு என்று இரவல் கணக்கும் வேண்டாம்.

நம் ஆட்களுக்கென்றே உள்ள ஒரு பிரச்சினை பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரோடு சேர்த்து சிவகுமார் தனுஷன் என்று முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் எஸ். தனுஷன் என்று இருக்கும், ஆங்கிலத்தில் ஒன்றில் டி எழுத்திலும் மற்றதில் டிஎச் எழுத்திலும் தொடங்கும். தளத்தில் அடையாளம் உறுதிசெய்த பெயரும் காசு போகிற கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பி2பியின் அடிப்படை விதி, நம் ஊர்ப் பெயர்களில் அது அடிக்கடி இடிக்கும். முடிந்தால் கிளைக்குப் போய் வங்கிப் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள், ஒரு காலை நேர வேலை. முடியாவிட்டால் ஓடர் திறந்ததும் காசு போடுவதற்கு முன்பே தளத்தின் சாட்டில் "என் வங்கிக் கணக்கில் பெயர் இப்படி வரும்" என்று எழுதுங்கள், மற்றவர் சரி என்று பதில் எழுதிய பிறகு மட்டும் அனுப்புங்கள். அடையாள அட்டைப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், அதை வைத்து இன்னொருவர் உங்கள் பெயரில் கணக்குத் திறப்பார்.

சரி, வாங்குவது எப்படி. தளத்தில் ரூபா என்பதையும் வங்கிப் பரிமாற்றம் என்பதையும் தெரிவுசெய்து விளம்பரங்களைப் பாருங்கள். ரூபாவுக்கு நேரடியாகப் பிட்கொயின் விற்பவரைவிட யூஎஸ்டிடி (அமெரிக்க டொலர் விலையோடு கட்டப்பட்ட கொயின்) விற்பவர்களே கூடுதலாக இருப்பார்கள், அதை வாங்கி அதே தளத்தில் பிட்கொயினாக மாற்றினால் மொத்தச் செலவு குறைகிறதா என்று இரண்டு வழியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20,000 ரூபாவுக்கு ஒரு வீத வித்தியாசம் என்றால் 200 ரூபா, அது பெரிதில்லை, எல்லோரையும் விட மிகவும் மலிவாகத் தருகிறேன் என்று நிற்பவர்தான் ஆபத்து. எத்தனை ஓடர் முடித்திருக்கிறார், எத்தனை வீதம் ஒழுங்காக முடிந்தது, கணக்கு எவ்வளவு பழையது, இந்த மூன்றையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள், விளம்பரத்தின் கீழே அவர் எழுதியிருக்கும் நிபந்தனைகளையும் வாசியுங்கள். முதல் தடவை சிறிய தொகை.

ஓடர் போட்டதும் அவருடைய கொயின் எஸ்க்ரோவில், அதாவது தளத்தின் பொறுப்பில், பூட்டப்படும், பிறகு அவரது கணக்கிலக்கம் தெரியும். அதைக் கொப்பி பண்ணி வங்கி ஆப்பில் போட்டு ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள், ஏனென்றால் பெயரை நீங்கள் அடித்தாலும் காசு பெரும்பாலும் இலக்கத்தைப் பார்த்துத்தான் போகும். குறிப்பு என்ற இடத்தில் ஓடர் இலக்கத்தின் கடைசி எழுத்துகள் போதும், பொய்யாக "வீட்டு வாடகை" என்றெல்லாம் எழுத வேண்டாம், பிறகு வங்கி கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும். காசு போனபிறகு மட்டும் "செலுத்திவிட்டேன்" பொத்தானை அமத்துங்கள். காசு போயிருக்கும்போது ஓடரை ரத்துச்செய்யாதீர்கள், விற்பவர் எவ்வளவு தன்மையாகக் கேட்டாலும்: ரத்துச்செய்த நிமிடமே பூட்டிய கொயின் அவரிடம் திரும்பிவிடும், உங்கள் காசும் அவரிடம், எதைக் காட்டி வாதாடுவது? கொழும்பு பஸ்ஸில் இருந்துகொண்டு ஓடர் திறக்கவும் வேண்டாம், ஹபரணைக் காட்டுப் பக்கம் சிக்னல் போய்விட்டால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

விற்பதற்கு வருவோம், இங்கேதான் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள். ஓடர் வந்த இரண்டு நிமிடத்தில் சாட்டில் ஒரு ஸ்க்ரீன்ஷொட் விழும், பச்சை நிறத்தில் வெற்றி என்று இருக்கும், உங்கள் பெயர், உங்கள் கணக்கிலக்கம், சதம் வரை சரியான தொகை, எல்லாம் இருக்கும். அடுத்து உங்கள் போனுக்கு வங்கியின் பெயரில் ஒரு எஸ்எம்எஸ் கூட வரலாம், அனுப்புபவர் பெயரைப் போலியாகப் போட முடியும் என்பதால் அது உண்மையான வங்கிச் செய்திகளுக்குக் கீழேயே வரிசையாக வந்து நிற்கும். அதற்கடுத்து, "அண்ணா அம்மா ஆஸ்பத்திரியில, கொஞ்சம் கெதியா விடுங்கோ". இவை மூன்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து, கொடுக்கல் வாங்கல் பட்டியலில் அந்த வரவு இருக்கிறதா, பயன்படுத்தக்கூடிய மீதி கூடியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அங்கே இல்லாத காசு வராத காசு. ஓடர் நேரம் முடிந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, அவர் செலுத்திவிட்டேன் என்று அமத்தியிருந்தால் நீங்கள் விடும் வரையோ தளம் தீர்ப்புச் சொல்லும் வரையோ கொயின் பூட்டியே இருக்கும்.

காசு வந்திருக்கிறது, தொகையும் சரி என்றாலும் இன்னும் விடாதீர்கள். யார் பெயரிலிருந்து வந்தது என்று பாருங்கள். பட்டியலில் அனுப்பியவர் பெயர் தெரியாவிட்டால் வங்கியின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இப்போது அதிகம் நடக்கும் மோசடி இதுதான்: ஒருவன் பேஸ்புக்கில் இல்லாத மோட்டார் சைக்கிளை விற்பனைக்குப் போடுகிறான், கிண்ணியாவில் ஒருவர் அதை நம்பி முற்பணம் கட்டச் சம்மதிக்கிறார், அவன் அந்த நேரம் பார்த்து உங்களிடம் அதே தொகைக்கு ஓடர் திறந்து உங்கள் கணக்கிலக்கத்தைக் கிண்ணியாக்காரருக்குக் கொடுக்கிறான். காசு உண்மையாகவே வருகிறது, நீங்கள் கொயினை விடுகிறீர்கள், அவன் போய்விடுகிறான். மோட்டார் சைக்கிள் வராதவர் பொலிஸுக்குப் போவார், அவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் உங்கள் கணக்கு. அவர் பக்கமும் பிழையில்லை, உங்கள் பக்கமும் காசு நிஜமாக வந்தது, ஆனால் விசாரணையில் முதலில் கூப்பிடப்படுபவர் நீங்கள்தான். பெயரைப் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

பெயர் பொருந்தாவிட்டால் கொயினை விடவேண்டாம், "என் மச்சானின் கணக்கு" என்ற விளக்கத்தையும் ஏற்க வேண்டாம், "சரி, அப்படியென்றால் இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று வேறொரு இலக்கம் தந்தால் அங்கேயும் அனுப்ப வேண்டாம். தளத்தில் அப்பீல் திறந்து, வங்கிப் பட்டியலின் படத்தைப் போடுங்கள். வந்த இடத்துக்கே காசைத் திருப்புவது என்றால் தளமும் வங்கியும் சொல்லும் முறையில் மட்டும். பேச்சு எல்லாம் தளத்தின் சாட்டிலேயே இருக்கட்டும், வட்ஸ்அப்புக்கு வாருங்கள், டெலிகிராமில் சப்போட் பேசுகிறேன் என்பவர்கள் யாரும் தளத்தின் ஆட்கள் இல்லை, ஓடிபி கேட்பவர் எவராக இருந்தாலும் கள்ளன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உவர்மலைப் பக்கத்துப் பெடியங்களுக்கு வட்ஸ்அப் குழுக்களில் வரும் ஒரு வேலை வாய்ப்பு: "உங்கள் கணக்குக்குக் காசு வரும், கொமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்துக்குக் கொயின் வாங்கி அனுப்புங்கள்." தம்பிமார், அது வேலை இல்லை. திருடிய காசை உங்கள் பெயரில் கழுவிக்கொடுப்பது, பணம் தூயதாக்கல் சட்டம் 2006இலிருந்து இருக்கிறது. 10 லட்சம் ரூபாவும் அதற்கு மேலும் உள்ள பரிமாற்றங்களை வங்கி, மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும், அதற்குப் பயந்து தொகையைத் துண்டு துண்டாக உடைத்து அனுப்புவது இன்னும் சந்தேகத்தைக் கூட்டும். நேர்மையான காசு என்றால் உள்ளபடி அனுப்பி, கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

வாங்கிய பிட்கொயினைத் தளத்திலேயே நெடுநாள் விடாமல் உங்கள் சொந்த வொலட்டுக்கு, அதாவது சாவி உங்கள் கையிலேயே இருக்கும் பிட்கொயின் பணப்பைக்கு, எடுங்கள். அனுப்பும்போது நெட்வேர்க் என்ற இடத்தில் பிட்கொயின் என்பதையே தெரிவுசெய்யுங்கள், மலிவாக இருக்கிறது என்று வேறொன்றைத் தெரிவுசெய்தால் உங்கள் வொலட்டில் அது காட்டாமலே போகலாம். முகவரியை ஒட்டியபிறகு முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் சரியா என்று பாருங்கள், ஒட்டும்போது முகவரியை மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. பிட்கொயினில் பரிமாற்றங்களைப் பதியும் பிளொக் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று, அதனால் உடனே வரவில்லை என்று திரும்ப அனுப்பாதீர்கள். வொலட்டைத் திரும்ப மீட்க அது தரும் 12 அல்லது 24 சொற்களைக் கையால் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள், அவை யார் கையில் கிடைத்தாலும் கொயின் அவருடையது, கடற்காற்றுக்கும் மழைக்காலத்துக்கும் தாள் தாங்காது என்பதால் லமினேட் பண்ண நினைப்பீர்கள், தயவுசெய்து அதைக் கடையில் கொடுத்துச் செய்யாதீர்கள், பொலித்தீன் உறையில் போட்டு மூடினாலே போதும். போனில் படம் எடுத்து வைப்பதும் கூடாது.

ஒவ்வொரு ஓடருக்கும் ஓடர் விபரம், சாட், வங்கி ரசீது மூன்றையும் அன்றே சேமித்து வையுங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கணக்கு நின்றுவிட்டால் கிளைக்கு நேரில் போய், எந்தப் பரிமாற்றம், எந்தப் பொலிஸ் நிலையத்து முறைப்பாடு என்று கேட்டு எழுதி வாங்குங்கள், அந்த ஓடரின் பதிவுகளை அச்செடுத்துக் கடிதத்தோடு கொடுத்து, கொடுத்ததற்குத் திகதி முத்திரையோடு பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். காசை இழந்தவர் என்று யாராவது நேரடியாகப் போன் பண்ணி ஏசினால் பதிலுக்கு ஏசாமல், அவரிடமும் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேளுங்கள், தனிப்பட்ட முறையில் அவருக்கு ஒரு சதமும் அனுப்பாமல் எல்லாவற்றையும் வங்கி வழியாகவே எழுத்தில் செய்யுங்கள்.