எக்கோவில் இதயச் சுவரை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ திருகோணமலைக்கு கிளினிக் வருகிறவரின் எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் "இடது கீழறைச் சுவர் தடிப்பு" என்று இருந்தால், வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு அதே யோசனைதான். அந்த வரியை முடிவுசெய்வது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 9 வரை இயல்பு. எக்கோ பழகுகிறவர்கள் கோடு போடுமுன் நிதானிக்க வேண்டியது இதனால்தான்.

அதிகம் நடப்பது சரிவாக அளப்பது. வாழைக்காயைச் சரித்து வெட்டினால் துண்டு நீளுமே, அதேதான். எம்-மோட்டில் (ஒரே கோட்டில் இதய அசைவைப் பதியும் முறை) கோடு 30 பாகை சரிந்தால் 10 மில்லிமீட்டர் சுவர் 11.5 ஆகிவிடும். மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) இதழ்களின் நுனிக்குச் சற்றுக் கீழே, அறையின் நீள அச்சுக்குச் செங்குத்தாக, இருபரிமாணப் படத்திலேயே அளவுங்கள். மேலே பெருநாடிப் பக்கம் போக வேண்டாம். வயதானவர்களுக்கு அங்கே இடைச்சுவர் (இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர்) புடைத்திருப்பது சாதாரணம்.

எல்லையைப் பிடிப்பதுதான் கஷ்டம். இடைச்சுவரின் வலப்பக்கம் வலது கீழறையின் தசைப்பட்டை ஒட்டிக் கிடக்கும். பின்சுவருக்கு முன்னால் வால்வின் நாண்கள் ஓடும். நிறுத்திய படத்தில் இரண்டும் சுவர் போலவே தெரியும். சில துடிப்புகளை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள்: சுவர் தடிக்கும், நாண் தனியே அசையும். கெயினை (படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் அமைப்பை) ஏற்றி வைத்தால் இந்த வித்தியாசமே மறைந்துபோகும்.

அப்புறம் நேரம். இதயம் முழுதாக விரிந்த கணத்தில், இசிஜியில் கியூ.ஆர்.எஸ். எனும் கூர்மையான அலை தொடங்கும் இடத்தில் அளக்க வேண்டும். சுருங்கும்போது 10 மில்லிமீட்டர் சுவர் 13, 14 ஆவது இயல்பு.

வரிசை நீளம் என்று நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்தே முடித்துவிடாதீர்கள். "இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ ஐயா, மூச்சை விட்டுட்டுக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றால் நுரையீரல் விலகிப் பெரும்பாலும் படம் தெளியும்.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று விடவும் முடியாது. இடது கீழறையின் தசை எடைக் கணக்கில் அளவுகளைக் கனமாக்குவார்கள் (10×10×10 போல), அதனால் சிறு பிழையும் பெருகும். அறையின் உள் அகலம் 46 மில்லிமீட்டர், சுவர்கள் 10 என்றால் எடை சுமார் 159 கிராம். சுவர்களை மட்டும் 11 என்று போட்டால் 181.

ரிப்போர்ட்டை வாங்குகிறவர்களுக்கு: 11, 12 என்று கண்டதும் பரம்பரையாக வரும் இதயத்தசைத் தடிப்பு நோய் என்று பயப்பட வேண்டாம். வேறு காரணமில்லாமல் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பெரியவர்களில் அந்தச் சந்தேகம் பலமாகும். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் யாருக்காவது அது இருந்தால் 13 போதும். அடுத்த எக்கோவுக்குப் பழைய ரிப்போர்ட்டையும் பிரஷர் எழுதிய கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.