கடனில் விழுந்த அப்பா வீடு திரும்ப

மலேசியாவில் சுங்கை சிப்புட்டோ பாகாவோ, தோட்டத்துப் பக்கம் கதை ஒன்றுதான்: தண்ணி, நம்பர் சூதாட்டம், பிறகு ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) கையில் ஏ.டி.எம். அட்டை. முதலில் வங்கியில் அந்த அட்டையை முடக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த சம்பளமும் போகும். மிரட்டினால் போலீஸ் புகார். வங்கிக் கடனுக்கு, மத்திய வங்கி அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.யின் ஆலோசனை இலவசம்; ஆலோங் கடனை அது தொடாது. உரிமம் உள்ள வட்டிக்காரர்கூட அடகில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கேட்க முடியாது.

எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, குடிக்காத நாளில் மனைவியிடம் தனியாகக் கொடுங்கள். பாதியை மறைத்தால், மறுமுறை மாமியார் கதவையே திறக்கமாட்டார். பெரியவர்களைப் பிறகு கூப்பிடலாம். முதலிலேயே பஞ்சாயத்து வைத்தால் மனைவியின் பேச்சு அடங்கிவிடும். சம்பள நாளன்றே பால்மாவு, பள்ளிப் பஸ் காசு அவர் கையில். பிள்ளை உடனே ஒட்டாது. கெஞ்சாமல் தினமும் பள்ளியில் கொண்டுபோய் விடுங்கள்.