ஏலம் போன நகைக்கு மனு எழுதுவது எப்படி

வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருவது என் பிழைப்பு. அடகு வைத்த நகையை ஏலத்தில் இழந்தவர்கள் வந்து உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்: "ஏலம் போட்டவன் மேல எழுதுங்கய்யா, அவன் லைசென்ஸப் புடுங்கணும்." எழுதலாம். ஆனால் ஏலம் கூறியவர் கூலிக்கு வந்தவர். பிடி இருப்பது, அவரைக் கூப்பிட்டு ஏலம் விடவைத்த, கடன் கொடுத்தவரிடம்.

அதனால் முதலில் சீட்டை எடுங்கள். அடகுக் கடைச் சீட்டா, ஃபைனான்ஸ் கம்பெனி அட்டையா, பேங்க் ரசீதா? மனு போகும் இடமே அதைப் பொறுத்துத்தான்.

அடகுக் கடை என்றால் 1943-ஆம் ஆண்டின் அடகுக் கடைக்காரர்கள் சட்டம். கடைக்கு உரிமம் கொடுப்பவர் தாசில்தார். காட்பாடிக் கடைக்குக் காட்பாடி தாசில்தார், குடியாத்தத்துக்குக் குடியாத்தம். நகையை மீட்க ஒரு வருடமும் அதற்கு மேல் 7 நாளும் உண்டு. சீட்டின் தேதியையும் ஏலத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே தெரிந்துவிடும். தவணை தாண்டினாலும் பொது ஏலத்தில்தான் விற்க வேண்டும். கடைக்காரர் தானே உருக்கிவிட்டு "ஏலம் போயிடுச்சும்மா" என்று சொல்வது செல்லாது. கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சுவது உங்கள் பணம். ஆனால் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும். கடை வாசலில் நின்று சத்தம் போட்டதற்கு எந்த ஆபீஸிலும் சாட்சி இல்லை. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

ஃபைனான்ஸ் கம்பெனி, பேங்க் என்றால் ரிசர்வ் வங்கி விதி. 2025 ஜூனில் வந்த புது விதிகளை 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. அதன்படி, ஏலத்துக்கு முன் இரண்டு பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும், அதில் ஒன்று தமிழில். கடன் கொடுத்தவரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஏலம் கேட்கக் கூடாது. குறைந்தபட்ச விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; இரண்டு ஏலத்தில் ஆள் வரவில்லை என்றால் மட்டும் 85 வரை இறங்கலாம். மிச்சப் பணம், ஏலத் தொகை முழுவதும் கைக்கு வந்த ஏழு வேலை நாளுக்குள் உங்களுக்கு வர வேண்டும். புது விதி நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய கடன் என்றால் பழைய விதிதான் பேசும். கடன் தேதியை மனுவில் முதல் வரியிலேயே போடுங்கள்.

நம்ம ஊர்க்காரர்கள் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. முதல் ஏலம் கடன் கொடுத்த கிளை இருக்கும் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில்; ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டையில். ஆம்பூரில் வைத்த நகையை முதல் ஏலத்திலேயே வேலூருக்குக் கொண்டுவந்திருந்தால் அது ஒரு குற்றச்சாட்டு. இன்னும் 'வடாற்காடு' என்று பழைய பெயரிலேயே பேசுகிற எங்களைப் போன்ற கிழங்களுக்கு இது சட்டென்று தட்டுப்படாது.

பிறகு கணக்கு. 'அநியாய விலைக்கு விற்றார்கள்' என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று பவுன், நிகர எடை 24 கிராம், ஏல நாளில் 22 கேரட் கிராம் 9,000 ரூபாய் என்று வையுங்கள். மதிப்பு 2,16,000. அதில் 90 சதவீதம் 1,94,400. பாக்கி ஒன்றரை லட்சம் என்றால் செலவு கழிப்பதற்கு முன் குறைந்தது 44,400 திரும்ப வர வேண்டும். இதை அப்படியே மனுவில் போடுங்கள்.

எடையையும் விடாதீர்கள். அடகு வைத்த அன்று ஒரு நிகர எடை, ஏலப் பட்டியலில் வேறு நிகர எடை என்றால் விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். கல், மெழுகு என்று இரண்டாம் முறை கழித்திருப்பார்கள். வாங்கியவர் பெயர், விலை, வாங்கிய தேதி எல்லாம் கேட்டு எழுதுங்கள். ஏலத்துக்கு ஏலம் ஒரே பெயர் வந்தால் சிண்டிகேட், அதாவது கூடிப் பேசி விலையைக் குறைக்கிற கூட்டு, என்று நான் நினைப்பேன். ஆனால் மனுவில் அந்தச் சொல்லைப் போட மாட்டேன், பெயரையும் தேதியையும் மட்டும் போடுவேன்.

கம்பெனிக்கோ பேங்குக்கோ முதலில் எழுதி 30 நாள் பொறுங்கள். பதில் இல்லை, அல்லது மழுப்பல் பதில் என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 எண். அடகுக் கடை என்றால் இந்த வழி இல்லை, தாசில்தார்தான். அங்கே மனு கிடப்பில் இருந்தால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'என் மனு மேல் என்ன நடவடிக்கை, அந்தக் கடை உரிமம் நடப்பில் உள்ளதா' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இந்த ஒரு காகிதம் போன பிறகுதான் பல கோப்புகள் நகர்ந்து பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். அசல் சீட்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான். ஜெராக்ஸ் போதும்.