பழைய தேக்கில் மேசை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்மாவில், யாங்கோனிலும் மோல்மேனிலும் பழைய மர வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அந்த இடங்களில் காங்கிரீட் கட்டடங்கள் எழும்பி வருகின்றன. இடித்த வீட்டின் தூண், உத்திரம், தரைப்பலகை ஆகியவற்றை விலைக்கு வாங்கி, வாடிக்கையாளர் கேட்கும் அளவில் மேசையும் கட்டிலும் அலமாரியும் செய்து கொடுக்கும் தொழிலில் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பட்டறைகளுக்குப் போகும்போதெல்லாம், தொழில் பழகிய காலத்தில் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைக் காண்கிறேன். உளியைத் தீட்டாமல் வேலை செய்வது, அளவை ஒரே முறை பார்த்துவிட்டு அறுப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை மரமே ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடும். செய்த உடனே தெரியாமல், பல மாதங்கள் கழித்துப் பணத்தையும் பெயரையும் கெடுக்கும் தவறுகளையே எழுதுகிறேன்.

நூறாண்டு மரம் இனி அசையாது என்று நம்புவது

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் எல்லாரும் சொல்லும் வாக்கியம் இது. "பிரிட்டிஷ்காரன் காலத்து மரம் ஐயா, காய வேண்டியதெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது, இனிச் சுருங்க என்ன இருக்கிறது" என்பார்கள். மரம் வெட்டப்பட்டு எத்தனை ஆண்டுகள் ஆனாலும், சுற்றியுள்ள காற்றில் ஈரம் கூடினால் அது ஈரத்தை வாங்கி உப்பும். காற்று வறண்டால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். நீண்ட காலம் ஆன மரத்தில் இந்தத் தன்மை சற்றே குறையலாமே தவிர, முற்றிலும் போய்விடுவதில்லை.

யாங்கோனில் மழைக்காலத்தின் நடுவில், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் வாரங்களில், திறந்த பட்டறையில் அடுக்கி வைத்த பலகை தன் எடையில் ஏறக்குறைய 18 விழுக்காடு வரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே பலகையை நாள் முழுவதும் ஏசி ஓடும், ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டிய அறையில் வைத்தால், அது மெல்ல 9 அல்லது 10 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும் மரம்தான். பச்சை நிலையிலிருந்து முழுவதும் உலரும்வரை, வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் அது சுமார் 6 விழுக்காடும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவே. இதை வைத்துக் கணக்கிட்டால், வளையங்களை ஒட்டி அறுத்த பலகைகளைச் சேர்த்துச் செய்த 3 அடி அகல மேசைத்தட்டு, மழைக்காலப் பட்டறையிலிருந்து ஏசி அறைக்குப் போகும்போது அகலத்தில் ஏறக்குறைய அரை அங்குலம் குறையும் என்று தெரிகிறது. அந்த அரை அங்குலத்துக்கு வழி விடாமல் தட்டை இறுக்கிப் பிடித்தால், மரம் தானே வழி செய்துகொள்ளும். அதைத்தான் நாம் வெடிப்பு என்கிறோம்.

யாங்கோனின் தாம்வே பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞர், இடித்த வீட்டுத் தரைப்பலகைகளைக் கொண்டு ஓர் உணவகத்துக்கு 8 அடி நீள மேசை ஒன்றை ஆகஸ்ட் மாதத்தில் செய்து கொடுத்தார். பலகைகளின் இணைப்பு நேர்த்தியாக இருந்தது; மேற்பரப்பும் கண்ணாடி போல் வந்திருந்தது. ஆனால் தட்டை இரும்புச் சட்டத்தின் மீது வைத்து, நான்கு பக்கமும் நெருக்கமாக ஸ்குரூ முடுக்கி, போதாக்குறைக்குச் சட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவில் பசையும் தடவியிருந்தார். பிப்ரவரியில் உணவகத்திலிருந்து அழைப்பு வந்தது. மேசையின் ஒரு முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி தூரத்துக்கு, நாணயம் நுழையும் அகலத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. என்னையும் கூட்டிப் போனார். மேசையைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஓரத்தில் இருந்த ஸ்குரூக்கள் எல்லாம் நடுப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. மரத்தில் ஒவ்வொரு துளையின் ஒரு பக்கம் மட்டும் நசுங்கி நீள்வட்டமாகியிருந்தது. மரம் எந்தத் திசையில் போக முயன்றது, எதனால் போக முடியவில்லை என்பது அந்தத் துளைகளிலேயே தெளிவாகத் தெரிந்தது. அப்படியிருந்தும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, "மரம் ஏமாற்றிவிட்டது" என்பதுதான்.

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இந்தச் சொல்லின் மீதுதான். நூறாண்டு வெயிலையும் மழையையும் தாங்கி நின்ற பலகையை, வீட்டில் இருந்தவரை கோணாத பலகையை, நம்முடைய ஸ்குரூவால் கிழித்துவிட்டு, பழியையும் அதன் மீதே போடுகிறோம். பழைய வீட்டில் அந்தப் பலகை ஏன் வெடிக்கவில்லை என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பலகையும் தனித்தனியாக ஆணி அடிக்கப்பட்டிருந்தது. வெயில் காலத்தில் பலகைகளுக்கு இடையே இடுக்கு விரியும், மழை பெய்தால் மூடிக்கொள்ளும். அந்த வீட்டில் வளர்ந்தவர்கள் அதைக் காலடியில் பார்த்தே இருப்பார்கள். நாமோ அதே பலகைகளை ஒட்டி ஒரே தட்டாக்குகிறோம். தனித்தனியாக நடந்த அசைவு முழுவதும் இப்போது இரண்டு ஓரங்களில் வந்து சேர்கிறது.

அந்த வெடிப்பை அவர் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். இது முதல் தவறைவிட மோசமான இரண்டாவது தவறு. வறண்ட காலத்தில் விரிந்த இடுக்கைக் கெட்டியாக அடைத்துவிட்டால், அடுத்த மழைக்கு மரம் உப்பும்போது திரும்பி வர இடம் இருக்காது. அந்த மேசை ஜூலையில் நடுவில் மேடு தட்டி, நல்ல நிலையில் இருந்த இன்னோர் இணைப்பையும் பிளந்துகொண்டது. உணவகம் மீதிப் பணத்தைத் தர மறுத்துவிட்டது. அந்தத் தரைப்பலகைகளைப் போல வேறு பலகை அவருக்குக் கிடைக்கவும் இல்லை.

செய்ய வேண்டியது கடினமானதன்று. மரச் சட்டமாக இருந்தால், சட்டத்தின் உட்புறத்தில் காடி எனப்படும் நீளப் பள்ளம் எடுத்து, அதில் நுழையும் நாக்கு உள்ள சிறு மரக்கட்டைகளைத் தட்டின் அடியில் ஸ்குரூவால் பொருத்த வேண்டும். கட்டை தட்டோடு சேர்ந்து காடிக்குள் முன்னும் பின்னும் நகரும். இரும்புச் சட்டமாக இருந்தால், துளைகளை மேசையின் அகலவாக்கில் நீள்துளைகளாக வெட்டி, வாஷர் வைத்து, ஸ்குரூவை அளவாக முடுக்கினால் போதும். நடுக்கோட்டில் மட்டும் இறுக்கலாம். அப்போது இரு ஓரமும் சமமாக அசையும். முனைகளில் குறுக்குச் சட்டம் கேட்கிறார்கள் என்றால், நடுவில் ஒரு சாண் அளவுக்குத்தான் பசை; மீதி நீளம் வெறும் காடியில் ஓட வேண்டும். வார்னிஷோ எண்ணெயோ எதுவானாலும், மேலே எத்தனை பூச்சோ கீழேயும் அத்தனை பூச்சு வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம்தானே என்று விட்டுவிட்டால், ஒரு முகம் ஈரத்தை வேகமாகவும் மறுமுகம் மெதுவாகவும் வாங்கித் தட்டு கிண்ணமாக வளையும்.

மரத்தை இழைப்பதற்கு முன், அது போய் இருக்கப்போகும் இடத்தின் காற்றுக்கு அதைப் பழக்குவது இன்னும் நல்லது. ஈரப்பத மீட்டர் இருந்தால், பலகையின் மேல்முகத்தில் குத்திப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஒரு முனையைப் புதிதாக அறுத்து, அந்த வெட்டுமுகத்தின் நடுவில் பாருங்கள். மீட்டர் இல்லாதவர்கள் ஒரு பலகையை வாரந்தோறும் தராசில் நிறுத்துக் குறித்து வைக்கலாம். எடை மாறாமல் நிற்கும்போது அந்த மரம் அந்த இடத்துக்குப் பழகிவிட்டது என்று பொருள்.

பழைய மரம் எல்லாம் தேக்கு என்று வாங்குவது

இடித்த வீட்டில் தேக்கும் இருக்கும், பின்காடோ என்னும் கனத்த மரமும் இருக்கும், 'இன்' எனப்படும் பிசின் மரமும் இருக்கும். கறுத்துப்போன மேற்பரப்பை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. சிறிய இழைப்புளியைக் கையோடு கொண்டுபோய், ஒரு மூலையை இழைத்துப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். தேக்கின் சீவல் பொன்னிறமாக வரும். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். பதனிட்ட தோலின் வாடையை ஒத்த மணம் எழும். வெட்டுமுகத்தில் வளையந்தோறும் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். பின்காடோ செம்பழுப்பு நிறம், கையில் தூக்கினாலே பாரம் தெரியும், சிறு துண்டை நீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். ரயில் பாதைக் கட்டைகளுக்கும் பாலத்துக்கும் ஏற்ற அந்த மரத்தை மேசைத்தட்டுக்கு எடுத்தால், கருவிகளின் கூர் போவதோடு, தட்டைத் தூக்க நான்கு ஆள் வேண்டும். கால்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் அது அருமையான மரம். இன் மரத்தில் பிசின் உண்டு. வெயில் படும் இடத்தில் வைத்தால், பூசிய வார்னிஷைத் தள்ளிக்கொண்டு பிசின் கசியும்.

டன் கணக்கு

பர்மாவில் மரத்தின் டன் என்பது எடையன்று, 50 கன அடி. முனை உளுத்ததும், ஆணித்துளை விழுந்ததும், கோணலும் கழிந்த பிறகு எத்தனை கன அடி கையில் மிஞ்சும் என்று பார்த்தே விலை பேசுங்கள்.

காந்தத்தை மட்டும் நம்புவது

ஆணி தேடக் காந்தத்தை ஓட்டுவது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பழைய படகுப் பலகைகளில் செம்பு ஆணியும் பித்தளைத் திருகும் இருக்கக்கூடும்; காந்தம் அவற்றின் மேல் அமைதியாகப் போய்விடும், இழைப்பு இயந்திரத்தின் கத்திதான் கண்டுபிடிக்கும். எல்லா உலோகத்தையும் காட்டும் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆணி பிடுங்கிய இடத்தைச் சுற்றி இருக்கும் கருநீலக் கறை, இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்ததால் வந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்துப் பள்ளமாக்க வேண்டாம். ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவி, பிறகு நீரால் நன்றாகத் துடைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். கையுறை இல்லாமல் அந்தக் கரைசலைத் தொடாதீர்கள்.

எண்ணெய் குடித்த பலகையில் பசை போடுவது

நம் ஊர் மர வீடுகளுக்கும் மடாலயங்களுக்கும் கறுப்பு நிறம் வந்ததற்கு வயது மட்டும் காரணமன்று. ஏனாஞ்சாங் பகுதியில் மண்ணிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயை, கரையானும் மழையும் அண்டாதிருக்க மரத்தில் பூசுவது நெடுநாள் பழக்கம். ஆண்டுக்கணக்கில் பூசப்பட்ட எண்ணெய் பலகைக்குள் இறங்கியிருக்கும். மேற்பரப்பைச் சுத்தம் செய்துவிட்டு ஒட்டினால் பசை பிடித்தது போலத் தோன்றும். சில மாதங்களில் இணைப்பு தோலுரிவது போலப் பிரியும். கறுப்பு முழுவதும் போகும்வரை ஓரங்களை இழைத்து, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் பழுப்பு ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். தேக்குக்கு இயல்பிலேயே எண்ணெய் உண்டு என்பதால், கச்சா எண்ணெய் படாத தேக்குக்கும் இந்தத் துடைப்பு தேவை.

பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்ப்பது

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துச் சுரண்டுங்கள், முகக்கவசம் அணியுங்கள், பிள்ளைகளைப் பட்டறைக்குள் விடாதீர்கள்.

பழைய துளையில் புதிய கழுந்து

வேண்டாம். துளைக்குள் நுழையும் மரமுனையான கழுந்துக்கு, ஏற்கெனவே துளை விழாத மரத்தில் புதிய துளை போடுங்கள்.

ஆவணம் இல்லாமல் வாங்குவது

முழு மரக்கட்டை ஏற்றுமதி 2014 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்ட நாடு இது. வீடு இடித்த மரம் என்பதற்கான தாளைக் கேட்டு வாங்காமல் ஒரு பலகையையும் வண்டியில் ஏற்றாதீர்கள்.

விழுந்த மரத்தை உருண்டையாகவே போட்டு வைப்பது

2008 மே மாதத்தில் நர்கிஸ் புயல் அடித்தபோது யாங்கோனின் தெருவோரத் தூங்குமூஞ்சி மரங்களும் பிடவுக் என்னும் வேங்கை இன மரங்களும் ஏராளமாகச் சாய்ந்தன. பிறகு வந்த காற்றுகளிலும் அங்கங்கே விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்படிக் கிடைத்த மரத்தை, காசு சேரட்டும், பிறகு அறுக்கலாம் என்று பட்டறை ஓரத்தில் உருண்டையாகவே போட்டு வைக்கிறார்கள். வெளிப்பக்கம் முதலில் உலர்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருக்க, முனையிலிருந்து நடுப்புள்ளியை நோக்கி ஆழமான பிளவுகள் ஓடுகின்றன. மண்ணைத் தொட்ட பக்கத்தில் கரையானும், வெளிர்நிற வெளிமரத்தில் மரத்தைத் துளைத்து மாவாக்கும் வண்டும் குடியேறுகின்றன. மரம் கைக்கு வந்த அன்றே இரு முனைகளிலும் மெழுகோ கெட்டியான பெயிண்டோ பூசுங்கள். கூடிய விரைவில் அறுவை மில்லுக்குக் கொண்டுபோய், அறுப்புக் கோடு நடுப்புள்ளியின் வழியே போகும்படி அறுக்கச் சொல்லுங்கள். நடுப்புள்ளி முழுதாக ஒரு பலகைக்குள் மாட்டிக்கொண்டால் அந்தப் பலகை வெடித்தே தீரும். அறுத்த பலகைகளைச் செங்கல் மேல் உயர்த்தி, ஒரே பருமனுள்ள குச்சிகளை நேர்க்கோட்டில் இடையிட்டு, நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலப் பருமனுக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. நம் மழைக்காலத்தை எண்ணி அதற்கு மேலும் பொறுக்க வேண்டியிருக்கும். வெளிமரத்தைச் செதுக்கி எறிய மனமில்லாதவர்கள், அறுத்த உடனே போராக்ஸ் கரைசலை இரு முகத்திலும் ஊற விடுங்கள். அடுக்கின் கீழே மாவு போன்ற தூள் புதிதாக விழுகிறதா என்று மாதம் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். விழுந்திருந்தால், அந்தப் பலகையை அன்றே அடுக்கிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள்.