அப்பல்லோடோரஸைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏதென்ஸைச் சேர்ந்த அப்பல்லோடோரஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க இலக்கண அறிஞர். அலெக்சாந்திரியாவில் ஹோமர் ஆய்வறிஞர் அரிஸ்தார்கஸிடம் பயின்றவர். ‘பிப்லியோத்தேக்கா’ என்ற தொன்மக் கதைத் தொகுப்பை இவர் எழுதியதாகச் சொல்வதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. ஏட்டுப் பிரதிகளில் அவர் பெயர் இருப்பது உண்மை. ஆனால், தொன்மக் கதைப் பெண் ஈயோ யாருடைய மகள் என்று பேசும் அந்நூலின் 2.1.3ஆம் பகுதி, காலவரலாறு எழுதிய காஸ்டரைச் சான்று காட்டுகிறது. காஸ்டரின் நூலோ கி.மு. 61/60 வரை வருவது. அதற்கு முந்தைய நூற்றாண்டுக்காரர் அதை எப்படிப் படித்திருக்க முடியும்? 1873இல் ஜெர்மன் அறிஞர் கார்ல் ராபர்ட் பிப்லியோத்தேக்கா அப்பல்லோடோரஸுடையதல்ல என்று நிறுவினார். தொகுப்பு கி.பி. 1 அல்லது 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதே இன்றைய பொதுக்கருத்து.

ஆகவே அதிலிருந்து கதை எடுத்தால் ‘போலி அப்பல்லோடோரஸ்’ என்று எழுதி, புத்தகம், இயல், பத்தி என மூன்று எண்களையும் கொடுங்கள். மூன்றாம் புத்தகம் தீசியஸ் கதையின் நடுவிலேயே அறுந்துபோகிறது. டிராய்ப் போர் உள்ளிட்ட பிற்பகுதி, 19ஆம் நூற்றாண்டில் வத்திக்கானிலும் ஜெருசலேமிலும் கண்டெடுத்த சுருக்கப் பிரதிகள் வழியாகத்தான் நமக்குத் தெரியும். அங்கிருந்து எடுப்பதைச் ‘சுருக்கம்’ என்று தனியே குறிக்க வேண்டும்.

உண்மையான அப்பல்லோடோரஸின் உழைப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கடவுளரைப் பற்றி 24 புத்தகங்கள், ஹோமரின் இலியட்டில் கிரேக்கப் படைகளை வரிசையிடும் கப்பல் பட்டியலுக்கு உரையாக 12 புத்தகங்கள் எழுதினார். இவை முழுதாகக் கிடைக்கவில்லை. கப்பல் பட்டியல் உரையின் செய்திகள் பல, புவியியலாளர் ஸ்டிராபோவின் ‘புவியியல்’ நூலில் தங்கியிருக்கின்றன.

வியக்க வைப்பது அவருடைய காலவரலாறுதான். பெர்கமோன் மன்னர் இரண்டாம் அட்டாலஸுக்குப் படைத்தது. டிராய் வீழ்ந்த கி.மு. 1184/3 முதல் 144/3 வரை 1040 ஆண்டுகளை, மனப்பாடம் செய்ய வசதியாக நகைச்சுவை நாடகத்தின் யாப்பில் பாடினார். பின்னர் அதை நீட்டியும் எழுதினார். ஏதென்ஸின் ஆண்டுத் தலைவர்களான ஆர்க்கன்களின் பெயரால் ஆண்டைக் குறித்தார். ஏதென்ஸ் ஆண்டு கோடையில் தொடங்கி மறு கோடையில் முடியும்; அதனால்தான் நம் கணக்கில் அதை இரண்டு ஆண்டுகளாகச் சாய்கோடிட்டு எழுதுகிறோம். 1184/3 என்பதை 1184 என்று சுருக்கினால் அரை ஆண்டு காணாமல் போகும். சாய்கோட்டை விடாதீர்கள்.

பிறந்த ஆண்டு தெரியாதவர்களுக்கு, வாழ்வின் முக்கிய நிகழ்ச்சி ஒன்றை எடுத்து, அப்போது வயது 40 என்று வைப்பது அவர் முறை. அப்போதுதான் நிறுவப்பட்டிருந்த தென் இத்தாலிய நகரான தூரிக்குத் தத்துவஞானி எம்பெடோக்ளிஸ் போனார் என்கிறார் அப்பல்லோடோரஸ். தூரி பிறந்தது கி.மு. 444/3. நாற்பதைக் கூட்டினால் எம்பெடோக்ளிஸ் பிறந்த ஆண்டாக 484/3 வரும். இப்படிக் கணக்கிட்ட பிறந்த ஆண்டுகளைப் பதிவேட்டுத் தேதி போலக் காட்டக் கூடாது. ‘சுமார்’ சேர்த்தே எழுத வேண்டும். இரண்டு சிந்தனையாளர்களுக்கு இடையே சரியாக 40 ஆண்டு இடைவெளி தெரிந்தால், அது கணக்கிலிருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. ரோமப் பேரரசர் டிராஜனின் கட்டடக் கலைஞர் டமாஸ்கஸைச் சேர்ந்தவர். பார்த்தியர் வரலாறு எழுதியவர் ஆர்டெமிட்டாவைச் சேர்ந்தவர். நகைச்சுவை நாடகாசிரியர் காரிஸ்டஸைச் சேர்ந்தவர். எல்லாரும் அப்பல்லோடோரஸ்தான், ஊர்ப் பெயர் இல்லாமல் எழுதாதீர்கள். ஏதென்ஸ்காரரின் எஞ்சிய துணுக்குகளுக்கு கிரேக்க வரலாற்றாசிரியர்களின் துணுக்குகளைத் தொகுத்த ஃபெலிக்ஸ் யாக்கோபியின் தொகுப்பில் 244ஆம் எண். மேற்கோளில் அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.