ஒவ்வாமையோடு நாய் வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசையாக நாயை வாங்கி வந்துவிட்டு, மூன்றாம் வாரத்திலேயே தும்மலும் கண்ணரிப்புமாக அவதிப்படுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவது அண்மைக்காலமாக அதிகரித்திருக்கிறது. நான் மருத்துவன் அல்லன். நாய் ஒவ்வாமை இருப்பது சோதனையில் உறுதியான பின்னும் அதே நாயோடு அதே வீட்டில் வாழ்ந்துவருகிறவன், அவ்வளவே. ஆயினும் அவர்கள் சொல்வதைக் கேட்கும்போது, 11 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அசட்டுத்தனங்களை வேறொருவர் வரிசை மாறாமல் நடித்துக் காட்டுவது போல இருக்கிறது. நாயைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, அது முகத்தை நக்க இடம் கொடுக்கக் கூடாது என்பன போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை கண் வீங்கினால் அவற்றை எவரும் தாமாகவே கற்றுக்கொள்வர்.

முடியின் மேல் பழி போடுவது

தும்மலுக்குக் காரணம் முடி அன்று. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் செதிலிலும், சிறுநீரிலும் உள்ள சில புரதங்களைத்தான் நம் உடல் பகையாக எண்ணிப் போராடுகிறது. அவற்றுள் முதன்மையானது 'கேன் எஃப் 1' எனப்படும் புரதம். நாய் தன் உடலை நக்கும்போது எச்சில் முடியில் காய்ந்து, பிறகு பொடியாகி உதிர்கிறது. அந்தப் பொடியில் ஒரு பகுதி 5 மைக்ரானைவிட (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது என்பதால், மணிக்கணக்கில் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். இதை அறியாமல், எங்கள் நாய் மணியை ஒருமுறை உடல் முழுவதும் மொட்டையடித்துக் கூட்டி வந்தேன். அவன் ஒரு வாரம் வெட்கப்பட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். எனக்கு ஒரு தும்மல்கூடக் குறையவில்லை.

'அலர்ஜி தராத இனம்' என்று தேடி அலைவது

அப்படியோர் இனம் இல்லை. பூடில், லாப்ரடூடில் போன்ற இனங்கள் ஒவ்வாமைக்காரர்களுக்கு ஏற்றவை என்று சொல்லி விற்கப்படுகின்றன. ஆனால் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய இனங்களின் முடியில் 'கேன் எஃப் 1' மற்ற இனங்களில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஒரே இனத்துக்குள்ளும் ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இந்த அளவு பெரிதும் மாறுபடும். ஆகவே இனத்தின் பெயரைக் கேட்டு முன்பணம் கொடுக்காமல், நீங்கள் வாங்கவிருக்கும் அதே நாயோடு, மூடிய அறையில், வெவ்வேறு நாள்களில் சில மணி நேரம் இருந்து பார்ப்பதே ஓரளவுக்காவது பயன்படும்.

நாயை இரண்டு வாரம் அனுப்பிவைத்துப் பார்ப்பது

இந்த ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. "நாயை ஒரு பதினைந்து நாள் யார் வீட்டிலாவது விட்டுவிடுங்கள், தும்மல் நின்றால் நாய்தான் காரணம், நிற்காவிட்டால் வேறு ஏதோ" என்று படித்தவர்களே யோசனை சொல்கிறார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாகத் தெரிகிறதோ, அவ்வளவு தவறான யோசனை இது.

மணிக்கு ஒன்றரை வயதானபோது அவனை என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் காலையில் எத்தனை முறை தும்மினேன் என்று கோடு போட்டுக் கணக்கு வைத்தேன். முதல் நாள் 14 கோடுகள். பதினான்காம் நாள் 13. அறிவியல் முறைப்படி நிரூபித்துவிட்டதாக எண்ணி, அந்த நோட்டை வீட்டில் எல்லோருக்கும் காட்டி, மறுநாளே மணியை அழைத்து வந்தேன். குற்றம் நீங்கியவனுக்கு நட்ட ஈடு கொடுப்பது போல, அதுவரை மூடியே வைத்திருந்த படுக்கையறைக் கதவையும் அவனுக்குத் திறந்துவிட்டேன். என் கால்மாட்டில் எட்டு மாதம் தூங்கினான். அந்த எட்டாம் மாதத்தில் இரவு இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும் தொடங்கின.

நாய் வீட்டை விட்டுப் போனாலும் அதன் புரதம் போவதில்லை என்பதுதான் நான் அறியாத செய்தி. சோபாவின் பஞ்சிலும், மெத்தையிலும், திரைச்சீலையிலும், தரைவிரிப்பிலும், அலமாரியில் மடித்து வைத்த கம்பளிச் சட்டையிலும் அது ஒட்டிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் மீண்டும் காற்றில் எழும்பும். பூனைகளை அகற்றிய வீடுகளின் தூசியை அளந்து பார்த்து 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், பூனைப் புரதம் பூனையே இல்லாத வீடுகளின் அளவுக்கு இறங்குவதற்குப் பல வீடுகளில் 20 முதல் 24 வாரம் வரை பிடித்தது. நாயின் புரதமும் இதேபோல் எளிதில் ஓயாதது. நாய் வளர்ப்போரின் ஆடையில் ஒட்டிக்கொண்டு, நாயே நுழையாத பள்ளி வகுப்பறைகளுக்குக்கூட அது போய்ச் சேர்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை 14 நாளில் சோதித்து நாய் நிரபராதி என்று நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

இதே தவறு எதிர்த் திசையிலும் நடக்கும். அது இன்னும் கொடியது. எனக்குத் தெரிந்த ஒருவர் குடும்பத்தோடு ஒரு வாரம் வெளியூர் போனார். மூன்றாம் நாளே மூக்கு தெளிந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்த சற்று நேரத்தில் மீண்டும் தும்மல் தொடங்கியது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று முடிவுகட்டி, நான்கு ஆண்டுகள் வளர்த்த நாயை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஏழெட்டு மாதம் கழிந்தும், வீட்டை ஒரு முறைக்கு இரண்டு முறை கழுவித் துடைத்தும், தும்மல் நிற்கவில்லை. அதன் பிறகே சோதனைக்குப் போனார். நாய்க்கு எந்த எதிர்வினையும் இல்லை. வீட்டுத் தூசு உண்ணிக்குக் கடுமையான எதிர்வினை இருந்தது. நாயின் காதில் ஒட்டிக்கொள்ளும் உண்ணியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது கண்ணுக்குத் தெரியாத வேறோர் உயிரி. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்வது. இதன் கழிவே தும்மலைத் தூண்டுகிறது. வெளியூர் போனபோது அவர் நாயை மட்டும் பிரியவில்லை, தம் பழைய மெத்தையையும்தான் பிரிந்திருந்தார் என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை. மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமான நெசவு உறை போட்டு, விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்ததில் அவருக்குப் பெருமளவு குணம் தெரிந்தது. நாயைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. புதிய வீட்டில் அது ஒரு சிறுமியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆகவே, நாயை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே ஒவ்வாமை மருத்துவரிடம் சோதனை செய்துகொள்ளுங்கள். தோலில் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனை உண்டு. ஒவ்வாமையின்போது உடல் உண்டாக்கும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் அளக்கும் சோதனையும் உண்டு. நாய்ப் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. அது ஏன் பயன்படும் என்றால், 'கேன் எஃப் 5' என்னும் புரதம் ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் மட்டுமே உண்டாவது. அதற்கு மட்டும் ஒவ்வாமை உள்ளவர் பெண் நாயோடு தொல்லையின்றி வாழ வாய்ப்புண்டு. அதே வேளையில், சோதனைத் தாளில் 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்ட காரணத்தாலேயே நாய்தான் குற்றவாளி என்றும் ஆகிவிடாது. எதிர்வினை காட்டியும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் பலர். எப்போது, எங்கே, எதைத் தொட்டபின் தொந்தரவு வருகிறது என்று நீங்கள் சொல்வதையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வர இயலும்.

மாத்திரை போட்டுக்கொண்டு தோல் சோதனைக்குப் போவது

நான் போனேன். முன்கையில் பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் ஒரு துளி வைத்து, நுனி ஊசியால் மெல்லக் குத்தினார்கள். அவற்றில் ஒன்று, ஒவ்வாமையின்போது உடலே சுரக்கும் ஹிஸ்டமின் துளி. யாராயிருந்தாலும் கால் மணி நேரத்தில் அந்த இடம் கொசு கடித்தது போலத் தடித்து எழ வேண்டும், எழுந்தால்தான் சோதனை செல்லும். என் கையில் அது சற்றுச் சிவந்ததோடு சரி. "ராத்திரி ஏதாவது மாத்திரை போட்டீங்களா சார்?" என்று அந்தச் செவிலியர் கேட்டபோதுதான் முதல் நாள் இரவு விழுங்கிய செட்ரிசின் நினைவுக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். செட்ரிசின், லோராடடின் போன்ற மாத்திரைகளைச் சோதனைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்வார். நிறுத்த முடியாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு, அதை இந்த மாத்திரைகள் பாதிப்பதில்லை.

படுக்கையறைக் கதவைப் பகலில் மட்டும் திறந்து வைப்பது

"இரவில் நாயை உள்ளே விடுவதே இல்லை" என்று பெருமையோடு சொல்வார்கள். பகல் முழுவதும் அது அந்தக் கட்டிலில்தான் புரண்டுகொண்டிருக்கும். ஒரு நாளில் நீங்கள் தொடர்ந்து அதிக நேரம் மூச்சு விடும் இடம் அந்தத் தலையணை என்பதால், அந்த அறை எந்நேரமும் மூடியே இருக்க வேண்டும். நாயோடு விளையாடிய உடையைக் களையாமல் அந்தப் படுக்கையில் சாய்வதும், நாயையே உள்ளே அழைத்துச் செல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் எல்லா விதிகளையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க இயலாதவர்கள், இந்த ஒரு கதவை மட்டுமாவது பிடிவாதமாகக் காக்கலாம். மணி இப்போது நிலைப்படிக்கு வெளியே படுத்து, முன்னங்கால்களை மட்டும் உள்ளே நீட்டிக்கொள்கிறான். அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறை குளிப்பாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது

குளிப்பாட்டினால் நாயின் மேலுள்ள புரதம் குறைவது உண்மை. ஆனால் அது சில நாள்களிலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. வாரம் இருமுறை குளிப்பாட்டினால்தான் அந்தக் குறைவு நிலைக்கும் என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வளவு அடிக்கடி குளிப்பாட்டினால் சில நாய்களுக்குத் தோல் வறண்டு செதில் கூடுதலாக உதிரும் என்பதால், கால்நடை மருத்துவரைக் கேட்டு நாய்க்குரிய மென்மையான ஷாம்புவையே பயன்படுத்த வேண்டும். மனிதர்களுக்கான ஷாம்பு நாயின் தோலுக்கு ஒத்துவராது. குளிப்பாட்டுவதும் சீவிவிடுவதும், கூடுமானால் ஒவ்வாமை இல்லாத வேறொருவரின் வேலையாக இருக்கட்டும். அப்படி எவரும் இல்லையென்றால் முகக்கவசம் அணிந்துகொண்டு வீட்டுக்கு வெளியே செய்யுங்கள்.

காற்றுச் சுத்திகரிப்பானை நம்பி விளக்குமாற்றை எடுப்பது

ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். ஆனால் தன்னிடம் வந்து சேரும் காற்றில் உள்ளதை மட்டுமே பிடிக்கும். சோபாவில் படிந்திருப்பது அதனிடம் தானாக நடந்து போகாது. உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் படிந்தது அத்தனையும் மூக்குக்கு நேராக எழும்பும் என்பதால், ஈரத்துணியால் துடைப்பதும், ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்துவதும் நல்லது. ஓசோன் வெளியிடும் கருவிகளை வாங்கவே வேண்டாம். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும்.

மூக்கடைப்புச் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் ஊற்றுவது

ஐந்து நாளைத் தாண்டினால், அடைப்பை உண்டாக்குவதே அந்தச் சொட்டு மருந்துதான்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை மூன்றே நாளில் கைவிடுவது

முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். தும்மல் வரும் நாளில் மட்டும் அடித்தால் அந்தப் பலன் கிடைக்காது.

நெஞ்சில் கேட்கும் சத்தத்தையும் 'பழகிவிடும்' என்று விடுவது

தும்மலையும் கண்ணரிப்பையும் ஓரளவு பொறுத்துக்கொண்டு வாழலாம். இளைப்பு அந்தக் கணக்கில் சேராது. நாய் ஒவ்வாமை உள்ள ஆஸ்துமாக்காரர், நாள்தோறும் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால், மூச்சுக்குழாயின் வீக்கம் வெளியே தெரியாமலேயே கூடிக்கொண்டு போகக்கூடும். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் அவசர இன்ஹேலர் தேவைப்படுவது, நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கு மருத்துவர்கள் பார்க்கும் அடையாளங்களுள் ஒன்று. எத்தனை முறை எடுத்தோம் என்பதில் நம் நினைவு நமக்குச் சாதகமாகவே பொய் சொல்லும். மாதத்துக்கு ஓரிரு முறைதான் எடுக்கிறேன் என்று நானும் மருத்துவரிடம் சாதித்துக்கொண்டிருந்தேன். அவர் என் இன்ஹேலரைக் கையில் வாங்கி, அதன் முதுகில் மீதியைக் காட்டும் சிறு கட்டத்தில் தெரிந்த எண்ணைப் படித்து, புதிதாக இருந்தபோது காட்டிய 200-இலிருந்து அதைக் கழித்து, எப்போது வாங்கியது என்று மட்டும் கேட்டார். வாங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. கட்டத்தில் இருந்த எண் 118. அன்று மாலையே படுக்கையறைக் கதவை மூடினேன்.