மோட்டார் படகின் பின்பலகை ஊறிப்போனால்: மலை ஏரிப் படகுகளுக்கான செய்முறை

பைக்காரா போன்ற மலை ஏரியில் ஓடும் சின்ன ஃபைபர் படகில், மோட்டாரின் மொத்த பாரத்தையும் தாங்குவது டிரான்சம் என்கிற பின்பலகை. உள்ளும் புறமும் ஃபைபர், நடுவே ப்ளைவுட். போல்ட் துளை, வடிகால் துளை வழியே தண்ணீர் இறங்கினால் ப்ளைவுட் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் பலகை முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கேட்கும், ஊறிய இடம் மொத்தையாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் உட்புறமாக 3 மி.மீ. துளை போடுங்கள். தூள் கறுத்து ஈரமாக வந்தால் பலகையை மாற்றியே ஆக வேண்டும். துளையில் எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றி மூடுவது வீண் வேலை.

மோட்டாரை இறக்குங்கள். ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு, உள்பக்க ஃபைபரை மட்டும் கிரைண்டரால் அறுத்தெடுங்கள். வெளித்தோலில் கை வைக்காதீர்கள், படகின் வடிவமே அதுதான். மக்கிய மரத்தை உளியால் முழுக்கச் சுரண்டி, 40 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். முகமூடி, கண்ணாடி கட்டாயம்.

இனி காயவைப்பது. மலையில் இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மார்ச், ஏப்ரல் நல்ல சமயம். தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் 200 வாட் பல்பு ஒன்றை எதிலும் படாமல் தொங்கவிடுங்கள். 15 டிகிரிக்குக் கீழே சாதாரண எபாக்ஸி இறுக ரொம்ப நேரமாகும். அதற்காக, எபாக்ஸியை இறுகவைக்கும் திரவமான ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே நிற்கும்; டப்பாவில் போட்டிருக்கும் விகிதம்தான் கணக்கு. குளிருக்கென்று வரும் வேக ஹார்டனர் வாங்குங்கள். பனிமூட்டம் விலகிய பிறகு ஆரம்பித்து மூன்று மணிக்குள் பூச்சை முடித்துவிடுங்கள்.

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் ப்ளைவுட் இரண்டு துண்டு வேண்டும். நாலடிக்கு ஒன்றரையடி பலகைக்கு நான்கைந்து கிலோ எபாக்ஸி போதும். துண்டுகளின் எல்லாப் பக்கமும், முக்கியமாக வெட்டு விளிம்புகளில், பொடி எதுவும் கலக்காத எபாக்ஸியை இரண்டு முறை பூசுங்கள். சிலிக்கா பொடி கலந்து வெண்ணெய்ப் பதமாக்கிய எபாக்ஸியால் இரண்டையும் வெளித்தோலோடு ஒட்டி, கிளாம்ப் போடுங்கள். பசை கொஞ்சம் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். மிஞ்சி இறுக்கினால் பசையே இல்லாமல் போய்விடும். இரண்டு நாள் தொடாதீர்கள்.

காய்ந்தபின் மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் தெரியும். தண்ணீரும் ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவிவிட்டுத் தேயுங்கள், இல்லையென்றால் அடுத்த பூச்சு பிடிக்காது. மூலைகளை எபாக்ஸிக் கலவையால் உருட்டி நிரப்பி, மூன்று அடுக்கு நெய்த கண்ணாடித் துணி ஒட்டுங்கள். நறுக்கிய இழை மேட் எபாக்ஸிக்குச் சரிவராது.

கடைசியாக போல்ட் துளை. 12 மி.மீ. போல்ட்டுக்கு 20 மி.மீ. துளை போட்டு, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவே 13 மி.மீ.இல் மறுபடி துளையுங்கள். இனி கசிவை அடைக்கும் சீலன்ட் பசை தேய்ந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. பாலியூரித்தேன் சீலன்ட் தடவி, உள்பக்கம் பெரிய ஸ்டீல் வாஷர் வைத்து மோட்டாரை மாட்டுங்கள். வடிகால் துளைக்கும் இதே முறைதான்.